ஒரு துளை போட்டால் போதுமா?

பழைய ஃபைபர் படகுக்கு விலை பேசுகிற இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். வாங்க வந்தவர் தளத்தில் ஏறி ஒரு குதி குதிப்பார். அடியில் எங்கோ ‘களக்’ என்று கேட்கும். “உள்ள தண்ணி நிக்குது போலிருக்கே, அண்ணே” என்பார். விற்பவர் அசரவே மாட்டார். “அது ஒண்ணுமில்ல தம்பி. அமரத்துல ஒரு ஓட்டையப் போட்டு வடிய விடுங்க. ரெண்டு நாள் வெயில்ல கெடந்தா கல்லு மாதிரி காஞ்சிரும். ஃபைபர் என்ன மரமா, அழுகிப்போக?” சுற்றி நிற்கிற நாலு பேரும் தலையாட்டுவார்கள். விலையில் ரெண்டாயிரம் குறையும். படகு கைமாறும்.

நான் அந்த நாலு பேரில் ஒருவனாக நின்று தலையாட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் வாங்குகிறவனாகவும் நின்றேன். 24 அடிப் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். சொன்னபடியே துளை போட்டேன். வடிந்தது. வெயிலில் கிடத்தினேன். ஒரு மழைக்காலம் கழித்து, இன்ஜின் மாட்டுகிற பலகையின் திருகாணியைக் கையால் திருகியே வெளியே எடுத்தேன். ஸ்பேனருக்கு வேலையே இருக்கவில்லை. துளை வழியே வடிப்பது வைத்தியமே இல்லை, பல படகுகளில் அது நோயை முடுக்கிவிடுகிறது என்று சொல்ல எனக்கு உரிமை தருவது அந்தத் திருகாணிதான்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தளமே இல்லாத திறந்த படகில், மரமோ ஃபோமோ வைக்காமல் ஃபைபர் மட்டும் போட்டுக் கட்டிய படகில், தண்ணீரை இறைத்துவிட்டால் கதை முடிந்தது. அங்கே விற்பவர் சொல்வது சரி. நான் பேசுவது தளம் மூடிய படகைப் பற்றி. அடிப்பலகைக்கும் நாம் நிற்கும் தளத்துக்கும் நடுவே மூடிய அறை இருக்கிறதே, அதைப் பற்றி.

“ஃபைபர் அழுகாது” என்பதில் ஆரம்பிப்போம். கண்ணாடி இழை அழுகாது, உண்மைதான். ஆனால் ஃபைபர் படகு என்று நாம் சொல்கிற பண்டம் முழுக்கக் கண்ணாடி இழையால் ஆனதல்ல. இன்ஜின் தொங்கும் அமரப் பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். தளத்தைத் தாங்கிக்கொண்டு அணியத்திலிருந்து அமரம் வரை ஓடும் கட்டைகளுக்குள்ளும் மரம் இருக்கும். தளமே பல படகுகளில் பிளைவுட்தான். மேலே ரெண்டு பூச்சு கண்ணாடி இழை ‘மேட்’டும் ரெசினும். ஆக, நாம் வாங்குவது ஃபைபர் சட்டை போட்ட மரத்தை. சட்டை கிழியாமல் இருக்கும்போதே உள்ளே உடம்பு மக்கலாம்.

மரம் மக்குவது எப்படி என்பதில்தான் துளைவாதிகள் பெரிதாகச் சறுக்குகிறார்கள். மரத்தை அரிப்பது பூஞ்சை. அது வளர ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அதற்குப் பிழைப்பில்லை. தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குக் காற்று கிடைப்பதில்லை. அதனால்தான் குளத்தடிக் கட்டைகள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கின்றன. நன்றாகக் காய்ந்த மரத்துக்கு ஈரம் கிடைப்பதில்லை, அதுவும் தப்பிக்கிறது. மாட்டிக்கொள்வது இரண்டுக்கும் நடுவே நிற்கும் மரம். துளை போட்டு வடித்த படகின் உள்ளே நாம் உண்டாக்கி வைப்பது சரியாக அந்த நிலையைத்தான். தேங்கிய தண்ணீர் போய்விட்டது, ஈரம் போகவில்லை, காற்றுக்கு வாசல் திறந்தாகிவிட்டது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு யாரும் கட்டித் தர முடியாது.

இன்னொரு நம்பிக்கை: “கடல் தண்ணிதானே கெடுதல், மழைத் தண்ணி நல்ல தண்ணி.” இரும்புக்கு அது சரி. மரத்துக்கு நேர்மாறு. உப்பு பூஞ்சையைத் தடுக்கும். பழைய மரக்கப்பல்களைக் கட்டியவர்கள் சட்டங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி அடைத்ததும் இதற்காகத்தான். படகுத் தளத்துக்கடியில் மெதுவாக மரத்தைத் தின்பது பெரும்பாலும் மழைத் தண்ணீர். கரையில் பார்ப்பாரற்று, தார்ப்பாய் இல்லாமல், அணியம் தாழ்ந்தபடி ஐப்பசி கார்த்திகை மழையில் கிடக்கும் படகு, கடலில் தினமும் அலை வாங்கும் படகைவிடச் சீக்கிரம் மக்கும். “ஒரு வருஷமா கடல்லயே எறங்கல, புதுசு மாதிரி” என்று ஒரு படகைக் காட்டினால், அந்த ஒரு வருஷம் அது எங்கே, எப்படிக் கிடந்தது என்று கேளுங்கள்.

அடுத்தது வெயில். “வெயில் காய்ச்சிரும்” என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1.2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் உள்ள ஒரு மூடிய அறை. கொள்ளளவு 180 லிட்டர். மிதவைக்காக உள்ளே நிரப்பிய ஃபோமின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தில் நீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டால் 54 லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் சுமக்கும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் முக்கால்வாசி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சமுள்ள இடம் ஏழரைக் கிராம். 54 லிட்டரையும் வெளியேற்ற சுமார் 7,000 கன மீட்டர் காற்று அந்த அறைக்குள் புகுந்து வர வேண்டும். ஆயிரம் சதுர அடி வீடு இருபத்தைந்தில் அடங்கும் காற்று அது. ஒரு அங்குலத் துளை வழியாக, மின்விசிறி இல்லாமல்.

“வெயில் ஏறினால் காற்று கூடச் சுமக்குமே” என்பார்கள். சுமக்கும். அறை 50 டிகிரிக்குச் சூடானால் கன மீட்டருக்கு 80 கிராம் வரை போகும். அப்படியும் 900 கன மீட்டர் வேண்டும். 180 லிட்டர் அறையின் காற்று முழுக்க 5,000 முறை மாற வேண்டும். ஒற்றைத் துளையில் காற்று வருவதும் போவதும் எப்படி? சூட்டில் கொஞ்சம் விரிந்து வெளியே வரும், அவ்வளவே. மாலையில் தளம் குளிர்ந்ததும் உள்ளே ஆவியாக நின்றது மறுபடி துளியாகித் தளத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டும். இட்லிப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வெயில் அந்த அறையைக் காயவைப்பதில்லை. அவிக்கிறது.

சரி, துளையும் வேண்டாம், ஒரு பொட்டு விடாமல் புட்டி வைத்து அடைத்துவிடலாம் என்று இன்னொரு கட்சி உண்டு. இவர்களுக்கும் வெயிலே பதில் சொல்கிறது. கரையில் ஏற்றிய படகின் மூடிய அறை பகலில் 50 டிகிரி சூடாகிறது. உள்ளிருக்கும் காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கீறல் வழியே, தளர்ந்த ஒரு திருகாணியின் மறை வழியே வெளியேறுகிறது. அதே படகு 28 டிகிரிக் கடலில் இறங்கியதும் உள்ளே மிச்சமுள்ள காற்று சுருங்குகிறது. சுருக்கம் நூற்றுக்கு ஏழு பங்கு. ஃபோம் இல்லாத வெற்று அறையென்றால் 180 லிட்டரில் 12 லிட்டர். அந்த வெற்றிடத்தை நிரப்ப அதே கீறல் வெளியிலிருந்து உறிஞ்சும். கீறல் அப்போது தண்ணீருக்கடியில் இருந்தாலோ, மேலே அலை கழுவிக்கொண்டிருந்தாலோ, உள்ளே போவது காற்றாக இருக்காது. தினமும் கரையேறித் தினமும் இறங்கும் சோழமண்டலக் கரைப் படகுகளில் இந்த பம்பு தினமும் ஒருமுறை அடிக்கிறது. புட்டி வைத்தவர் கீறலைக் குறைத்திருப்பார். பம்பை நிறுத்தியிருக்க மாட்டார்.

இப்போது ஃபோம். இதில்தான் ஆட்கள் மிகவும் கோபப்படுவார்கள். “ஃபோம் தண்ணி குடிக்காது, அதுக்காகத்தான வைக்கிறோம்?” 1961இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் ஒரு படம் வந்தது. பாஸ்டன் வேலர் நிறுவனத்தைத் தொடங்கிய டிக் ஃபிஷர் தன் படகில் உட்கார்ந்திருக்க, அந்தப் படகை நடுவே ரம்பத்தால் அறுக்கிறார்கள். இரண்டு துண்டும் மிதக்கின்றன. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே ஃபோம் நிரப்பிய படகு அது. அதைப் பார்த்த உலகம் கற்றுக்கொண்டது பாதிப் பாடம்தான். ஃபோம் இருந்தால் மூழ்காது என்பது அந்தப் படம் சொன்னது. ஃபோம் இருந்தால் நனையாது என்று அது சொல்லவில்லை.

பாலியூரித்தேன் ஃபோம் சின்னச்சின்ன மூடிய குமிழ்களால் ஆனது. இரண்டு திரவத்தையும் சரியான அளவில் கலந்து, சரியான சூட்டில் ஊற்றினால் குமிழ்கள் மூடியே இருக்கும். அளவு தவறினால் பாதி திறந்துகொள்ளும். சரியாக ஊற்றியதுகூட, ஆண்டுக்கணக்கில் அலை அடித்து அடித்து அடிப்பலகையிலிருந்து பிரிந்து, ஓரங்களில் நொறுங்கும். நொறுங்கிய இடம் பஞ்சு. ஆவி இன்னும் பொல்லாதது; மூடிய குமிழின் சுவரையும் மெல்லக் கடந்துவிடும்.

சிக்கனத்துக்காக அதற்குப் பதில் தெர்மகோல் கட்டிகளை அடுக்குகிற வழக்கமும் உண்டு. தெர்மகோல் என்பது மணிமணியாக ஒட்டியது. மணிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், தண்ணீர் அங்கே போய் உட்காரும். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைக்கும். பெட்ரோலும் கரைக்கும். பாலித்தீன் சுற்றாமல் வைத்து மேலே ரெசின் அடித்தால், மிதவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொந்துதான் மிஞ்சும். என் படகைத் திறந்தபோது அணியப் பக்கத்து அறையில் நான் பார்த்தது அதைத்தான்.

திறந்ததைச் சொல்கிறேன். படகை அறுப்பதற்கு முன்னால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனோம், ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால். நல்ல இடம் ‘டக் டக்’ என்றது. இன்ஜினுக்கு முன்னால் ஒரு முழம் ‘தொப் தொப்’ என்றது, பழுத்த பூசணியைத் தட்டியது போல. கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டி ஓரத்தில் வைத்ததும் முதலில் வெள்ளைத் தூள் பறந்தது. கொஞ்ச நேரத்தில் தூள் பறப்பது நின்று சக்கரத்தில் சேறு போல ஒட்ட ஆரம்பித்தது. துண்டை நெம்பித் தூக்கியபோது அடித்த வாடை ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் வாடை. பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து, நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி கையோடு வந்தது. ஃபோமை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தேன். கட்டஞ்சாயா நிறத்தில் ஒழுகியது. நான் துளை போட்டு “வடித்து முடித்து” எட்டு மாதம் ஆகியிருந்தது.

என் துளையும் அங்கேதான் இருந்தது. அறையின் அடிமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே. அந்த இரண்டு விரல் தண்ணீர் ஒருநாளும் வடிந்திருக்காது. போதாக்குறைக்கு, துளையின் வெட்டு விளிம்புக்கு ரெசின் பூசாமல் தக்கை மட்டும் செருகியிருந்தேன். பிளைவுட்டின் வெட்டுமுகம் திறந்து கிடந்தது. அது அங்கிருந்து குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் வெளியேற நான் அமைத்த வழி, தண்ணீர் உள்ளே வருவதற்கும் வழியாக இருந்தது.

“இருந்துட்டுப் போகட்டும், அம்பது லிட்டர் தண்ணி என்ன செஞ்சிரும்?” என்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. நம் 180 லிட்டர் அறையில் காய்ந்த ஃபோமின் எடை ஆறு கிலோகூட வராது. படகு கவிழ்ந்தால் அந்த அறை கடல்நீரில் ஏறத்தாழ 178 கிலோவைத் தாங்கும். 54 லிட்டர் ஊறிவிட்டால் தாங்குவது 124. அந்த 54 கிலோ, கூலி கேட்காமல் தினமும் படகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். பெட்ரோலைத் தின்கிறது, அமரத்தைத் தாழ்த்துகிறது. இதையாவது நாம் தினமும் உணர்கிறோம். மிதக்கும் சக்தி குறைந்துபோனதை உணர்வது படகு கவிழ்ந்த அன்றுதான்.

ஃபோம் இல்லாத அறையில் தளும்பும் தண்ணீர் இன்னும் மோசம். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தால் எல்லாம் அந்தப் பக்கமே ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். பக்க அலை வாங்கும் படகில் தளத்துக்கடியில் நடப்பது அதேதான்.

கடைசி ஆட்சேபம் வலுவானது. மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. “தளத்தை அறுத்தால் படகின் பலம் போய்விடும்.” அறுத்துவிட்டு ஒழுங்காக மூடத் தெரியாதவர் கையில் கட்டாயம் போகும். தளமும் பலத்தில் பங்கு வகிக்கிறது. சில படகுகளில் ஃபோமும்கூட. அதனால் அறுப்பதற்கு முன் அடியில் பல இடத்தில் முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு வடிவம் மாறி அப்படியே நின்றுவிடும். ஓரத்தில் நாலு விரல் விளிம்பு விட்டு அறுக்க வேண்டும். மூடும்போது வெட்டின் இரு பக்கத்தையும் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவில் மேட் அடுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 72 மில்லிமீட்டர் சரிவு. ஈர மரத்தில் பாலியெஸ்டர் ரெசின் ஒட்டாது என்பதால் எல்லாம் காய்ந்த பிறகுதான் மேட் போட வேண்டும். இவ்வளவையும் செய்தால் பலம் திரும்பி வரும். ஆனால் கேள்வியையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அடியில் மக்கிப்போன கட்டையின் மேல் அறுக்காமல் விட்ட தளம் எந்தப் பலத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது?

இதற்கு நேரம் இல்லை என்பது மெய்யான கஷ்டம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன. சிறிய ஃபைபர் படகுக்கு அந்தக் கட்டாய ஓய்வு கிடையாது. அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரைகளில் வந்து குவிந்த ஃபைபர் படகுகளில் பல அவசரத்தில் கட்டியவை. அவற்றின் தரம் பற்றி அப்போதே கேள்விகள் எழுந்தன. அவசரத்தில் கட்டியதை அவசரத்திலேயே ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் “ஒரு ஓட்டை போட்டால் போதும்” என்று சொல்லி விற்பவர்களைத்தான் சொல்கிறேன்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவில்லை. படகை மினி லாரியில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். படகோடு ஒருமுறை, வெறும் லாரியை ஒருமுறை. வித்தியாசம் படகின் எடை. பத்து இருபது கிலோ முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அதே அச்சில் வார்த்த இன்னொரு படகின் எடையோடு ஒப்பிடுங்கள். நூறு கிலோ கூட இருந்தால் அந்த நூறும் பேசும். தட்டிப் பாருங்கள். அமரப் பலகையின் திருகாணி ஒன்றைக் கழற்றச் சொல்லி, அதன் மறையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் அதுவே பதில்.

நம் ஆட்களுக்கு இந்த விஷயம் தெரியாததும் அல்ல. கட்டுமரம் ஓட்டியவர்கள் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்; கட்டிய நிலையில் அது காயாது என்றும் தெரியும். துளை போட்டு வடிக்கலாம் என்ற யோசனையே அவர்களுக்கு வந்திருக்காது. பிரித்துக் காயவைப்பதுதான் அந்தக் கரையின் பழைய முறை. மரத்துக்கு ஃபைபர் சட்டை மாட்டியதும் நாம் மறந்தது அந்தப் பிரிக்கிற பழக்கத்தை.

என் படகில் இப்போது ஒவ்வொரு அறைக்கும் கை நுழைகிற அளவில் திருகுமூடி இருக்கிறது. உள்ளே ஊற்றிய ஃபோம் இல்லை. வலைப்பையில் கட்டிய, மூடி இறுக்கிய காலி பாட்டில்கள் இருக்கின்றன. காய்ந்த ஃபோம் தரும் மிதவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவுதான், ஆனால் ஊறாது, வெளியே எடுத்துப் பார்க்கலாம். கரையேறியதும் மூடிகளைத் திறந்து வைக்கிறேன், மழை வந்தால் மூடுகிறேன். போன மாதம் ஒருவர் வாங்குகிற எண்ணத்தில் வந்து தளத்தில் ஏறிக் குதித்துப் பார்த்தார். “குதிக்க வேண்டாம்” என்று சொல்லி ஒரு மூடியைக் கழற்றி, டார்ச்சை அவர் கையில் கொடுத்தேன்.